செம்மண்ணில் சிவப்பு ஒயின் விளையுமா?

கேள்வி:

காரைக்குடியை அடுத்த ஒரு கிராமத்தில், எங்கள் பாட்டையா கட்டிய வீட்டைச் செப்பனிட்டு விடுதியாக நடத்தி வருகிறேன். வெளிநாட்டு விருந்தாளிகள்தான் அதிகம். சமீபத்தில் வந்து தங்கிய ஒரு பிரெஞ்சுத் தம்பதி, போர்தோ பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். ஊருக்குத் தெற்கே சும்மா கிடக்கும் எங்கள் நாலு ஏக்கர் மேட்டு நிலத்தைக் காட்டினேன். மேலே செம்மண், கீழே செம்புறாங்கல். கணவர் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி மண்ணுக்கு எங்கள் ஊரில் நல்ல விலை" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதே யோசனை. கம்பத்தில் காய்க்கிற திராட்சை இங்கே காய்க்காதா? ஒயினுக்கு உரிய ரகத்தைப் போட்டால் செட்டிநாட்டு ரெட் ஒயின் என்று ஒன்று வராதா? பிரான்சில் அடுத்தடுத்த தோட்டங்களின் ஒயினே பத்து மடங்கு விலை வித்தியாசத்தில் விற்கிறது என்கிறார்களே, மண்ணின் ருசி ஒயினில் இறங்குமா? இன்னொன்று: எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு எந்த ரெட் ஒயின் சேரும் என்று விருந்தாளிகள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்:

உங்கள் நாலு ஏக்கரில் திராட்சைக் கொடி வளரும். பந்தல் போட்டு, காலத்தில் கவாத்து செய்து, தண்ணீரும் மருந்தும் கொடுத்தால் காய்க்கவும் செய்யும். அதிலிருந்து நல்ல ரெட் ஒயின் வருமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் விருந்தாளி மண்ணை அள்ளிப் பார்த்தது சரிதான். அதோடு, ராத்திரி பத்து மணிக்கு உங்கள் முற்றத்தில் உட்கார்ந்து தமக்கு எவ்வளவு வேர்த்தது என்பதையும் அவர் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். ஒயின் திராட்சைக்கு மண்ணைக் காட்டிலும் ராத்திரி முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மண், ஏனென்றால் கட்டுக்கதைகள் அதிகம் உலவுவது அங்கேதான்.

மண்ணின் ருசி ஒயினில் இறங்குவதில்லை. சுண்ணாம்புப் பாறையில் விளைந்ததில் சுண்ணாம்பு மணக்கிறது, கருங்கல் நிலத்து ஒயினில் கல் மணக்கிறது என்று பாட்டிலின் முதுகில் அச்சடித்திருப்பார்கள். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் பாறைக்கு ருசி கிடையாது. வேர் உறிஞ்சுவது பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் போல நீரில் கரைந்த சத்துகளை மட்டுமே; அவையும் ஒயினில் நாக்குக்குத் தட்டுப்படாத அளவில்தான் மிஞ்சும். வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியராக இருந்த அலெக்ஸ் மால்ட்மன் இந்த நம்பிக்கையை எதிர்த்துப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். 2018-இல் தனிப் புத்தகமே போட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் மழைக்கு எழுகிற மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள் ஒயினில் மணந்தால், ஆலைக்காரர் பெருமைப்பட மாட்டார், தலையில் கைவைப்பார். குலையில் பூஞ்சை பிடித்த திராட்சை உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் அடுத்தடுத்த தோட்டங்களுக்குள் ஏன் அத்தனை வித்தியாசம்? தண்ணீர். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஜெரார் செகன் என்ற மண்ணியல் ஆய்வாளர் இருந்தார். அந்த வட்டாரத்தின் பேர்பெற்ற தோட்டங்களில் குழி தோண்டி, வேர் எவ்வளவு ஆழம் போகிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்தவர். ஒரு தோட்டத்தில் சரளை, இன்னொன்றில் களி, மற்றொன்றில் சுண்ணாம்புப் பாறை. ரசாயனச் சேர்க்கையைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லை. ஆனால் எல்லா நல்ல தோட்டங்களுக்கும் ஒரு பொதுக் குணம் இருந்தது. மழை பெய்தால் வேர்க்காலில் தேங்காமல் வடிந்துவிடும். வறட்சி வந்தால் கொடி சாகாத அளவுக்கு அடியிலிருந்து ஈரம் கசியும்.

இந்த அரைப் பட்டினி எதற்கு என்று புரிய, கடையில் கால் கிலோ பன்னீர் திராட்சை வாங்கி ஒரு பழத்தை விரலிடையில் வைத்து அழுத்துங்கள். தோல் பிளந்து சதை பிதுங்கும். உள்ளே இருக்கும் சதை வெளிர்பச்சை, சாறு ஏறக்குறைய நிறமற்றது. கருஞ்சிவப்பு முழுவதும் அந்த மெல்லிய தோலில் இருக்கிறது. துவர்ப்புத் தரும் டானினும் தோலிலும் விதையிலும்தான். ரெட் ஒயின் என்பது சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவைத்து, அந்த நிறத்தையும் துவர்ப்பையும் இறக்குவது. பழம் சிறுத்திருந்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். காய் நிறம் மாறுகிற சமயத்தில் தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் கொடி புதுத் தளிர் விடுவதை நிறுத்திவிட்டுப் பழத்தைக் கவனிக்கும். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் இலையும் கிளையுமாகப் படர்ந்து, பழம் பெருத்து, நிறம் வெளுக்கும். சாப்பிடுவதற்கு அது நல்ல பழம், ஒயினுக்கு ஆகாத பழம்.

போர்தோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் மெதோக் பகுதி. ஆறு காலகாலமாக உருட்டிக் கொண்டுவந்து குவித்த சரளை மேடுகள். தண்ணீர் சட்டென்று வடியும், கல் வெயிலில் சூடேறும். பழுக்க நாளெடுக்கும் கபெர்னே சோவின்யோன் ரகத்துக்கு அந்தச் சூடு தேவை. கிழக்கே போனால் சாந்தெமிலியோன், பொமெரோல். அங்கே களியும் சுண்ணாம்பும் கலந்த, குளிர்ந்த, ஈரம் பிடித்து வைக்கும் நிலம். கபெர்னே அதில் பழுக்கத் திணறும். முன்பே பழுக்கும் மெர்லோ சௌகரியமாக இருக்கும். உலகத்தின் மிக விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்றான பெத்ரூஸ், பொமெரோலில் ஒரு களிமண் மேட்டில் மெர்லோவிலிருந்து வருகிறது. இரண்டு கரைக்கும் ஒரே வானம், ஒரே மழை. இடக்கரை ஒயின் விறைப்பும் துவர்ப்புமாக வருவதற்கும், வலக்கரை ஒயின் வழுவழுப்பாக வருவதற்கும் மண் நேர்க்காரணம் என்பதைவிட, எந்த ரகம் அங்கே பிழைக்கும் என்று மண் தீர்மானித்தது என்பதுதான் சரி.

பர்கண்டியில் க்ளோ த வூஜோ என்று ஒரு தோட்டம் இருக்கிறது. சிஸ்டெர்சியன் துறவிகள் வளர்த்தெடுத்து மதில் எழுப்பியது, ஏறக்குறைய 50 ஹெக்டேர். இப்போது அதை எண்பது பேர் அளவில் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். ரகம் ஒன்றே, பினோ நுவார். மதிலும் ஒன்றே, பெயரும் ஒன்றே. ஆனால் சரிவின் மேல்பக்கம் மண் மெல்லிசு, அடியில் சுண்ணாம்புப் பாறை. சாலையோரக் கீழ்ப்பக்கம் ஆழமான களிமண், மழை பெய்தால் நசநசவென்று கிடக்கும். நம் கண்மாய்ப் பாசனத்தில் தண்ணீர் முந்திக் கிடைக்கிற தலைமடைக்காரர்தான் கொடுத்துவைத்தவர். அங்கேயும் மேல்பக்கத்துக்காரர்தான் கொடுத்துவைத்தவர், ஆனால் தண்ணீர் அவரிடம் நிற்காது என்பதற்காக. விஷயம் தெரிந்தவர்கள் பாட்டிலை எடுக்கும்போது தோட்டத்தின் பெயரோடு நிற்காமல், அதில் யாருடைய பங்கு எந்த மூலையில் இருக்கிறது என்றும் விசாரிப்பது இதனால்தான்.

பத்து மடங்கு விலையை முழுக்க மண்ணின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காக மெதோக் தோட்டங்களைத் தரவாரியாக வரிசைப்படுத்தினார்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் தரகர்கள். அளவுகோல் அன்றைய விற்பனை விலை. நூற்றெழுபது ஆண்டுகளாகியும் அது ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. பட்டியலில் மேலே இருப்பவருக்கு விலை கிடைக்கிறது, விலை கிடைப்பதால் தோட்டத்தில் செலவு செய்ய முடிகிறது, அதனால் தரமும் நிற்கிறது. மண் கொடுத்தது எவ்வளவு, பேர் கொடுத்தது எவ்வளவு என்று இனிப் பிரித்து எடுப்பது கஷ்டம்.

சிவந்த மண்ணுக்கும் சிவந்த ஒயினுக்கும் சம்பந்தம் உண்டா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆசை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. மண்ணின் சிவப்பு இரும்புத் துரு. பழத்தின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற வேறொரு நிறமி, கொடி தானே தயாரிப்பது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கூனவாரா என்ற இடத்தில் சுருட்டுப் போல நீண்டு ஒடுங்கிய ஒரு செம்மண் பட்டை இருக்கிறது. அதில் விளையும் கபெர்னேக்கு உலகப் புகழ். பக்கத்துக் கரிசலுக்கு அந்த மரியாதை இல்லை. செம்மண் பட்டையின் சூட்சுமம் நிறத்தில் இல்லை. மேலே மெல்லிய, வடிகிற மண், அடியில் நீர் தேக்கி வைக்கும் சுண்ணாம்புப் பாறை, அதற்கும் மேலாகத் தென்கடலிலிருந்து வீசும் குளிர்காற்று. உங்கள் போர்தோ நண்பர் கண்ணில் பட்டது இந்த மாதிரி ஒரு சாயலாக இருக்கலாம்.

இப்போது ராத்திரிக்கு வருகிறேன். கொடி பகலில் சர்க்கரை சேர்க்கிறது. ராத்திரியிலும் சுவாசிக்கிறது; அப்போது பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது. ராத்திரி எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாகப் புளிப்பு கரையும். ஆந்தோசயனினும் சூடான ராத்திரிகளில் சரியாகச் சேராது, சேர்ந்ததும் சிதையும். பகலும் சூடு, இரவும் சூடு என்றால் பழம் தித்திப்பாக இருக்கும். ஒயின் சாரமற்று, நிறம் மங்கி, சீக்கிரமே பழுப்படித்துப் போகும்.

இந்தியாவில் ரெட் ஒயின் எங்கே வேரூன்றியது என்று பாருங்கள். நாசிக், கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரம், 900 மீட்டரை ஒட்டி. கன்வல் குரோவர் 1988-இல் அங்கே தொடங்கிய தோட்டத்துக்குப் போர்தோவின் மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். கபெர்னேயும் ஷிராஸும் கலந்த அவர்களுடைய லா ரிசர்வ், இந்திய ரெட் ஒயினுக்கு வெளியே ஒரு பேர் வாங்கிக் கொடுத்தது. நாசிக்கில் ராஜீவ் சாமந்த் 1999-இல் சூலாவைத் தொடங்கினார். தரை முழுக்க எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. பள்ளத்தில் இருக்கும் கனமான கரிசலை விட்டுவிட்டு, சரிவுகளில் பாறை சிதைந்து பொடிந்த சரளையைத்தான் விஷயம் தெரிந்தவர்கள் தேடினார்கள். திண்டோரி பக்கம் விளையும் ஷிராஸுக்கு இன்று தனிப் பெயர். ஆனால் நாசிக்கைக் காப்பாற்றுவது அந்த ஊர்ப் பஞ்சாங்கம். நம் நாட்டில் திராட்சைக் கொடி குளிரில் தானாக இலை உதிர்த்துத் தூங்குவதில்லை. அதைக் கத்தரிக்கோலால் தூங்கவைத்து, கத்தரிக்கோலால் எழுப்புகிறோம். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அது கொடியை உருவாக்க. தென்மேற்குப் பருவமழை முடிகிற செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து, அது காய்ப்புக்கு. பிறகு மழை இல்லை. டிசம்பர், ஜனவரியில் பகல் முப்பதை ஒட்டியும் இரவு பத்துப் பன்னிரண்டு டிகிரியுமாக இருக்கும்போது பழம் முதிர்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. வறட்சியும் குளிரும் அங்கே கைகோத்து வருகின்றன.

காரைக்குடியில் அவை சேர்ந்து வருவதே இல்லை. உங்கள் ஊருக்கு அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நாசிக்காரர்போல அக்டோபரில் காய்ப்புக் கவாத்து செய்தால் பூவும் பிஞ்சும் மழையில் மாட்டும். அடிச்சாம்பல் நோய் ஒரு வாரத்தில் குலையைக் கருக்கிவிடும். மழை முடியட்டும் என்று ஜனவரியில் வெட்டினால், ஒயின் ரகம் பழுக்க நாலு மாதத்துக்கு மேல் ஆகும். பழம் முதிர்வது மே மாதம். பகல் 38, 39, ராத்திரி 27. மேலே சொன்ன எல்லாக் கெடுதலும் நடக்கும். மே, ஜூனில் வெட்டிப் பார்க்கலாமே என்றால், பழுக்கும் சமயம் செப்டம்பர். மதியம் வரை சுட்டெரித்துவிட்டு மாலையில் இடியோடு ஒரு மழை கொட்டும். முதிர்ந்த பழம் வெடித்து ஈ மொய்க்கும். ஜனவரியில் உங்களுக்குக் கிடைக்கும் அந்தச் சில நல்ல ராத்திரிகளும் 20 டிகிரியை ஒட்டித்தான். நூறு மீட்டர்கூட உயரம் இல்லாத சமவெளி அது. செம்மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

கம்பத்தைக் கேட்டீர்கள். கம்பம் பள்ளத்தாக்கு உங்களுக்கு மேற்கே, ஏறக்குறைய அதே அட்சரேகையில், கொஞ்சம் தெற்கே இருக்கிறது. வித்தியாசம் உயரத்திலும் சூழலிலும். தரை மட்டமே 400 மீட்டரை நெருங்கும். மூன்று பக்கமும் மலை; தென்மேற்கு மழையில் பெரும்பகுதியை மலையே தடுத்துவிடுகிறது; வறண்ட காற்று பந்தலுக்குள் புகுந்து ஈரத்தை உலர்த்துகிறது. மழை குறைவு, ஆனால் 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கி வருகிறது. வானம் வறண்டு, வாய்க்கால் நிறைந்து இருப்பது திராட்சைக்கு வாய்த்த பாக்கியம். எப்போது எவ்வளவு தண்ணீர் என்பதை விவசாயியே தீர்மானிக்கலாம். கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று பந்தல்கள் தொடர்ந்து வருகின்றன. ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தப் பழத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பன்னீர் என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அதுவோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பிறந்ததாகத் திராட்சை நூல்கள் சொல்கின்றன. பிறப்பதற்கு முன்பே கப்பலேறியிருக்க முடியாது. பாதிரியார் வந்திருக்கலாம், வேறு ஒரு கொடியைக் கொண்டுவந்திருக்கலாம்; அந்த ஆண்டை மட்டும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இத்தனை வசதியும் இருந்து கம்பம் ஏன் ரெட் ஒயினுக்குப் பேர் வாங்கவில்லை? ஒன்று, ரகம். மஸ்கட் ஹாம்பர்க்குக்கு ரோஜாப்பூ வாசம் உண்டு, தித்திப்பு உண்டு. தோல் மெல்லிசு, டானின் குறைவு. அதில் இனிப்பான, வெளிர் நிற ஒயின் செய்யலாம். முதுகெலும்புள்ள ரெட் ஒயின் வராது. இரண்டு, மகசூல். பன்னீர் திராட்சையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் எதிர்பார்க்கலாம் என்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மெதோக்கில் ஒரு நல்ல தோட்டக்காரர் ஏழெட்டு டன்னோடு நிறுத்திக்கொள்வார். கம்பத்து விவசாயிக்கு ஆண்டு முழுக்க எங்காவது ஒரு பந்தலில் அறுவடை உண்டு. மதுரை, கேரள வியாபாரிகள் வந்து எடைபோட்டு எடுத்துப் போகிறார்கள். எடைக்கு விலை கிடைக்கிறபோது பாதிக் குலையைப் பிஞ்சிலேயே வெட்டிப் போடு என்று நான் சொன்னால் அவர் ஏன் கேட்க வேண்டும்? அவர் கணக்கில் எனக்குக் குறை தெரியவில்லை. இடத்தின் குணம் ஒயினில் தெரிய வேண்டுமானால், அதை வாங்க ஆளும் இருக்க வேண்டும், காத்திருக்கப் பணமும் இருக்க வேண்டும்.

முடியவே முடியாது என்று சொல்லவில்லை. கம்பத்துக்கு அச்சில் வார்த்தாற்போல ஓர் இடம் பிரேசிலில் இருக்கிறது: சான் பிரான்சிஸ்கோ பள்ளத்தாக்கு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 9 டிகிரி, உயரம் ஏறக்குறைய கம்பத்தின் உயரம், முள்ளும் கள்ளியுமான வறண்ட காடு, நடுவே ஒரு பேராறு. மழை சொற்பம். பாசனத்தை நிறுத்திக் கொடியைத் தூங்கவைக்கிறார்கள், திறந்து எழுப்புகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு அறுவடை. ஷிராஸ் ரகத்தில் பழச்சுவை மேலோங்கிய, இளசாகக் குடிக்க வேண்டிய ரெட் ஒயின் செய்கிறார்கள். 2022-இல் அந்த ஒயினுக்கு அங்கே புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பர்கண்டிக்காரர் மெச்ச மாட்டார், மெச்ச வேண்டிய அவசியமும் இல்லை. தமிழ்நாட்டில் யாராவது ரெட் ஒயினை உண்மையாகச் செய்து பார்க்க நினைத்தால், கம்பத்திலிருந்து மலைச்சரிவில் இன்னும் சில நூறு மீட்டர் ஏறி, ஷிராஸைப் போட்டு, ஆண்டுக்கு ஒரே அறுவடை என்று பொறுமையாக இருப்பவரைத்தான் நான் நம்புவேன்.

சரி, உங்கள் நாலு ஏக்கர். ஆசையை முழுக்க அணைக்க மனமில்லை. முதலில் நிலத்தில் மேடு, நடு, பள்ளம் என்று மூன்று இடத்தில் மார்பளவு குழி வெட்டுங்கள். கடப்பாரை எந்த ஆழத்தில் 'ணங்' என்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செம்புறாங்கல் அரைமுழத்தில் தட்டுப்பட்டால் அந்த மூலையை விட்டுவிடுங்கள். வீட்டுச் சுவருக்கு அறுத்தெடுக்க நல்ல கல், வேருக்குச் சுவர். நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். குழியில் தண்ணீர் இரண்டு நாளாகியும் வடியவில்லை என்றால் அந்த இடத்தில் திராட்சை வேண்டாம். வடிகிறது, கல் ஆழத்தில்தான் இருக்கிறது என்றால், கால் ஏக்கருக்குப் பந்தல் போட்டு, கம்பத்திலிருந்து பன்னீர் நாற்று வாங்கி வையுங்கள். ஜனவரியில் கவாத்து, ஏப்ரல் கடைசியில் பழம். போர்த் தண்ணீரின் உப்பைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்; திராட்சை உப்பைத் தாங்காது. விருந்தாளிகள் பந்தலுக்கடியில் உட்கார்ந்து குலையைப் பறித்துத் தின்பார்கள், சாறும் கொடுக்கலாம். சாற்றைப் பானையில் மூடி வைத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், வீட்டுக்கென்று செய்தாலும்.

கடைசிக் கேள்வி, சாப்பாடு. விடுதியில் பரிமாற உரிமம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. விருந்தாளி கொண்டுவந்த பாட்டில் என்றே வைத்துக்கொள்கிறேன். மிளகாய்க் காரத்துக்கு எதிரிகள் இரண்டு: அதிக ஆல்கஹால், அதிக டானின். 14 சதவீதத்துக்கு மேலே போகிற, துவர்ப்பான கபெர்னேயைக் காரக்குழம்போடு குடித்தால் வாய் இன்னும் எரியும். போர்தோ நண்பர் தம் ஊர்ப் பாட்டிலைத் திறந்தால் தயிர்ச்சோறு வரும்வரை தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மிளகு வறுவலுக்கு மட்டும் விதிவிலக்கு. மிளகின் மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள்தான் ஷிராஸ் ஒயினின் மிளகு வாடைக்கும் காரணம் என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். குளிர்ந்த இடத்தில், நிழல் விழும் சரிவில் விளைந்த ஷிராஸில் அது கூடும். வெக்கையில் விளைந்ததில் பெரும்பாலும் காணாமல் போகும். ஆகவே மிளகு போட்ட கோழிக்கோ காடைக்கோ குளிர்ந்த இடத்து ஷிராஸ், வெண்டைக்காய் மண்டிக்கும் மீன் குழம்புக்கும் பினோ நுவார், காமே போன்ற துவர்ப்புக் குறைந்தது ஏதாவது. ரெட் ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று விருந்தாளி சொன்னால், அவர் சொல்வது கல் வீட்டில் கணப்பு மூட்டும் ஊரின் அறை. உங்கள் வளவில் அது 32 டிகிரி. பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, 16 டிகிரிக்கு இறக்கிக் கொடுங்கள்.